நாயகர்கள் தோற்ற உலகம்: யாருக்கு இருட்டியது?

“மாமா, ஹீரோவெல்லாம் தோத்துப்போன ஒரு உலகம் வேணும். அந்த உலகத்தோட பழைய வரலாறு ஒரு நாலு பக்கம் எழுதித் தாங்க. நீங்கதான் கவிஞராச்சே.”

அக்கா மகன் இப்படிக் கேட்டபோது மார்ச் மாதக் கணக்கு முடிப்பு. வங்கியில் குமாஸ்தாவாக இருப்பவனுக்கு மார்ச் கடைசி வாரம் மனுசப் பிறவியே கிடையாது. பாக்கலாம்டா என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அதே வாரம் ஒரு கூட்டம் முடிந்து டீக்கடையில் நிற்கும்போது தோழர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். “உங்க கவிதையில வர்றவனெல்லாம் சாகுறான். சாகலன்னா தோக்குறான். இதப் படிக்கிற பையன் எந்த நம்பிக்கையில போராட வருவான்? ஜெயிக்கிற மாதிரி எழுதுங்க தோழர்.” டீக்கு அவர்தான் காசு கொடுத்தார். அதனால் அப்போது ஒன்றும் பேசவில்லை. இப்போது பேசுகிறேன்.

விளையாட்டைப் பற்றி எழுத இந்தப் பக்கங்களில்தான் இடம் கிடைத்ததா என்று சிலர் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும். யார் நாயகன், யார் அரக்கன், எவன் செத்தால் கணக்கில் வராது என்பதையெல்லாம் ஒரு சமூகம் தன் பிள்ளைகளுக்கு விளையாட்டில்தான் முதலில் சொல்லிக்கொடுக்கிறது. பாடப் புத்தகம் அதற்கப்புறம் வருகிறது.

விளையாட்டு இதுதான். நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருகிறார்கள். ஒருவன் கதையை நடத்துபவன். (இங்கிலீஷில் அவனுக்கு ‘டஞ்சன் மாஸ்டர்’ என்று பேர். நிலவறை எசமான்! பேரிலேயே எசமான் வந்து உட்கார்ந்துகொண்டான்.) மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வேடம். எதிரே ஒரு கோட்டை, வாசலில் ரெண்டு காவலாளி என்கிறான் நடத்துபவன். நீ என்ன செய்யப்போகிறாய் என்பதை நீ சொல்ல வேண்டும். அது பலிக்குமா பலிக்காதா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். அரிதாரம் கிடையாது, மேடை கிடையாது, பார்க்க ஆள் கிடையாது. மொட்டை மாடியில் உட்கார்ந்தபடி ஆடும் கூத்து என்று வைத்துக்கொள்ளுங்களேன். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் இதை ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற பெயரில் அச்சடித்து விற்க ஆரம்பித்தார்கள். சிப்பாய்ப் பொம்மைகளை மேசையில் நகர்த்தி ஆடும் யுத்த விளையாட்டிலிருந்து கிளைத்தது இது.

வழக்கமான கதை நமக்குத் தெரிந்ததுதான். வடக்கே ஒரு இருட்டு ராஜா. அவனுக்குக் கறுப்புப் படை. நல்லவர்கள் நாலு பேர் கிளம்பிப் போய், மலை தாண்டி, குகை புகுந்து, அவனை ஒழித்துவிட்டுத் திரும்புகிறார்கள். டோல்கீன் 1954, 55இல் வெளியிட்ட மோதிரக் கதையின் குட்டிகள்தான் எல்லாமே. பையன் கேட்டது இதற்கு மாறானது. மோதிரம் எரிமலையில் விழவில்லை. நாலு பேரும் செத்தார்கள். அப்புறம் என்ன?

இப்படி ஒரு உலகத்தை ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறார்கள். 2003இல் ஃபேன்டசி ஃப்ளைட் என்ற அமெரிக்க நிறுவனம் வெளியிட்ட ‘மிட்நைட்’. நடுநிசி. பையன் கணினியில் வைத்திருந்த புத்தகத்தை மூன்று ராத்திரி உட்கார்ந்து படித்தேன். கண்ணு எரிஞ்சதுதான், ஆனால் கீழே வைக்க முடியவில்லை.

அந்த உலகத்தில் இஸ்ரடோர் என்று ஒரு தெய்வம். வானத்திலிருந்து தள்ளிவிடப்பட்டது. அது விழுந்த விழுகையில் மற்ற தெய்வங்களுக்கும் பூமிக்கும் இருந்த தொடர்பு அறுந்துபோகிறது. இனி யார் கும்பிட்டாலும் மேலே கேட்காது. கேட்கிற ஒரே காது அந்த எதிரியின் காதுதான். இரண்டு யுகங்களில் அவன் படையெடுத்துத் தோற்கிறான். மூன்றாவது தடவை ஜெயித்துவிடுகிறான். ஆட்டம் தொடங்குவது அதற்குச் சுமார் 100 வருசம் கழித்து. இதைக் கவனிக்க வேண்டும். தோல்வி நடந்த அன்று தொடங்கவில்லை. தோல்விக்குள்ளேயே பிறந்து, தோல்வியே நாட்டுநடப்பு என்று வளர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் ஆட்டக்காரர்கள். அவனுக்குக் கீழே நான்கு ‘இரவு ராஜாக்கள்’. நால்வருமே ஒரு காலத்தில் எதிரணியின் பெருவீரர்கள். அந்தப் பக்கம் போனவர்கள். (நம் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆளுக்கு ரெண்டு பேர் ஞாபகத்துக்கு வருவார்கள்.)

காட்டுக்குள் எல்ஃபுகள் தங்கள் சூனியக்கார ராணியோடு ஒதுங்கிப் போரிடுகிறார்கள். மலைக்குள் குள்ளர்கள், ஒரு குகைக்கும் அடுத்த குகைக்கும் தகவல் இல்லாமல். ரெண்டு கூட்டமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துகொண்டிருக்கிறது. சமவெளியில் மனிதர்கள் ஆளப்படுகிறார்கள். எனக்குப் பிடித்தவர்கள் ‘நோம்’ என்ற படகுக்காரச் சிறு இனத்தவர். ஆற்றில் சரக்கு ஏற்றுகிறார்கள், இறக்குகிறார்கள். எதிரிக்குத்தான் ஊழியம். பார்ப்பவர்கள் காட்டிக்கொடுத்த கூட்டம் என்று துப்புவார்கள். ஆனால் மூட்டைகளுக்கு அடியில் ஆள் போகும், ஆயுதம் போகும், சேதி போகும். பகலெல்லாம் கவுண்டரில் உட்கார்ந்து வட்டிக் கணக்கு எழுதிவிட்டு ராத்திரியில் இந்தப் பத்திரிகைக்கு எழுதுகிறவனுக்கு இவர்கள்மேல் பிரியம் வராமல் வேறு யார்மேல் வரும்?

அந்த நாட்டில் சட்டம் மூன்று. ஆயுதம் வைத்திருக்கக் கூடாது. மந்திரம் பழகக் கூடாது. எழுதப் படிக்கத் தெரிந்திருக்கக் கூடாது.

மூன்றாவதைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு வெளியே வந்து கொஞ்ச நேரம் நின்றேன். இது அமெரிக்கக் கற்பனை. வாங்குகிறவன் ‘எவ்வளவு கொடூரமான உலகம் பார்’ என்று சிலிர்ப்பதற்காக வைத்த விவரம். என் கவுண்டரில் ஒரு இங்க் பேட் இருக்கிறது. பென்சன் வாங்க வரும் கிழவிகளின் இடது பெருவிரலை நானே பிடித்து அதில் ஒற்றி எடுப்பேன். அவர்கள் ஊரில் எந்த இருட்டு ராஜாவும் ஜெயிக்கவில்லை.

அமெரிக்கர்களும் இதற்காகக் கற்பனைக்குப் போக வேண்டியதில்லை. 1739 செப்டம்பரில் தென் கரோலினாவில் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் கிளர்ந்தார்கள். கடையை உடைத்துத் துப்பாக்கி எடுத்தார்கள், கொடி பிடித்து முரசடித்துக்கொண்டு தெற்கே ஸ்பானியர் ஆண்ட புளோரிடாவை நோக்கி நடந்தார்கள். அங்கே போனால் விடுதலை என்று கேள்வி. போய்ச் சேரவில்லை. அடுத்த வருசமே, 1740இல், அந்தக் குடியேற்ற நாட்டின் சட்டசபை அடிமைகளுக்கான புதுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அடிமைக்கு எழுதக் கற்றுக்கொடுப்பவனுக்கு அபராதம் என்று அதில் ஒரு விதி. நாயகர்கள் தோற்றார்கள், மறு வருசம் எழுத்து தடை செய்யப்பட்டது. மிட்நைட் புத்தகத்தில் இருப்பதும் அதே வரிசைதான். எழுதியவர்கள் இதைத் தெரிந்து எழுதினார்களோ இல்லையோ, அந்த மண்ணில் அது கிடந்தது.

சரி, பையனின் நாலு பக்கத்துக்கு வருகிறேன்.

பழைய வரலாறு எழுது என்றால் என்ன எதிர்பார்க்கிறார்கள்? இருட்டுக்கு முன்னால் ஒரு வெளிச்சம். தங்கக் கூரை வேய்ந்த நகரம், நீதி தவறாத ராஜா, பாட்டு, கோதுமை வயல். அதெல்லாம் போச்சே என்ற ஏக்கம். இந்த வகை ஆட்டங்கள் ஓடுவது அந்த ஏக்கத்தில்தான். நான் பேனாவை எடுத்து உட்கார்ந்தால் வரவேயில்லை. கோதுமை வயல் என்று எழுதினவுடனே அறுத்தது யாரு என்று கை நின்றுபோகிறது. மிட்நைட்டிலேயே பாருங்கள், ‘சுதந்திர மக்கள்’ என்று கூப்பிடப்படும் மனிதர்களில் ஒரு சாரார் கடல் தாண்டி வந்து, முன்னால் வந்து குடியிருந்த இன்னொரு சாராரை அடித்து ஆண்டவர்கள். அந்தக் காலத்தில் தோற்றவனுக்கு இருட்டு அப்போதே தொடங்கிவிட்டது. அந்த இருட்டுக்கு மட்டும் தனியாக ஒரு புத்தகம் யாரும் போடவில்லை.

அதனால் நான் எழுதிக்கொடுத்த வரலாறு இப்படிப் போனது. கடைசி யுத்தத்துக்கு ஆயிரம் வீரர்கள் புறப்பட்டார்கள். ஆயிரம் குதிரைக்கும் புல் அறுத்தவர்கள் இருந்தார்கள். லாடம் அடித்தவர்கள், சாணி அள்ளியவர்கள், செத்த குதிரையை இழுத்துப் போட்டுத் தோலுரித்தவர்கள் இருந்தார்கள். வீரர்கள் யாரும் திரும்பவில்லை. சாயங்காலம் வேறொரு படை வந்தது. அவர்களும் குதிரையோடு வந்தார்கள். மறுநாள் காலையில் புல் அறுக்க வேண்டியிருந்தது.

நாலு பக்கம் கேட்டவனுக்கு ஒன்றரைப் பக்கம்தான் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை பையன்கள் அதை வாசித்தார்கள். எல்லாம் இன்ஜினியரிங் கடைசி வருசம். ஒரு தம்பி, மரியாதையான பிள்ளை, நன்றாகவே கேட்டான்: “அப்படின்னா பழைய ராஜாவும் இருட்டு ராஜாவும் ஒண்ணா அங்கிள்? ரெண்டும் ஒண்ணுன்னா அப்புறம் எதுக்கு நாங்க சண்டை போடணும்?”

நல்ல கேள்வி. எங்கள் கூட்டங்களில் இவ்வளவு நேராக யாரும் கேட்பதில்லை. ஒன்று இல்லை தம்பி என்றேன். பழைய ராஜா காலத்தில் புல்லுக்காரன் மகன் ஒளிந்திருந்து ரெண்டு எழுத்துக் கற்றுக்கொள்ள ஒரு சந்து இருந்தது. இவன் சந்தையும் அடைத்துவிட்டான். கொடுமையில் கூடுதல் குறைச்சல் உண்டு. அதைக் கண்டுகொள்ளாமல் ‘எல்லாம் ஒண்ணுதான்’ என்று படுத்துக்கொள்கிறவன் வசதியானவன். ஆனால் எதிர்ப்புப் படைக்காரன் வந்து பழைய சிம்மாசனத்தைத் திருப்பிப் போடப்போகிறோம், சேர்ந்துக்கோ என்று புல்லுக்காரனைக் கூப்பிட்டால், போட்ட பிறகு எனக்கு எங்கே இடம் என்று அவன் கேட்பான். கேட்கத்தான் வேண்டும். அதற்குப் பதில் சொல்லாத படை தோற்றதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

தம்பி தலையாட்டினான். பிறகு பேச்சுவாக்கில், தங்கள் தாத்தா காலத்தில் ஊர் எவ்வளவு அமைதியாக இருந்தது என்று சொன்னான். நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்த அமைதியில் என் தாத்தா எங்கே, எவ்வளவு தள்ளி நின்றார் என்று எனக்குத் தெரியும்.

இங்கே ஆர்க்குகளைப் பற்றிப் பேசாமல் போனால் இந்தக் கட்டுரைக்கே அர்த்தமில்லை. ஆர்க் என்பது இருட்டுப் படையின் காலாள். அருவருப்பான முகம், கெட்ட புத்தி, கூட்டமாக வந்து கூட்டமாகச் சாவான். அவனைக் கொல்வதில் பாவம் இல்லை. டோல்கீன் 1958இல், தன் நாவலுக்கு எழுதப்பட்ட ஒரு திரைக்கதையைப் பற்றிய கடிதத்தில், ஐரோப்பியர் கண்ணுக்கு அழகற்றதாகப்படும் மங்கோலியச் சாயலின் சிதைந்த வடிவம் இவர்கள் என்ற பொருளில் வர்ணித்திருக்கிறார். நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு இனம் முழுவதும் மீட்பே இல்லாத தீமையாக இருக்க முடியுமா என்ற கேள்வி அவரைக் கடைசிவரை உறுத்தியிருக்கிறது. அவர் கத்தோலிக்கர். அவரைப் பார்த்துச் செய்தவர்களுக்கு அந்த உறுத்தல் இல்லை.

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் புத்தகத்தில் ஒவ்வொரு உயிருக்கும் ஒரு அட்டவணை உண்டு. உயரம், பலம், கூடவே குணம். நன்மையா தீமையா என்பது பிறப்பிலேயே அச்சாகிவிட்டது. 2005இல் கைகாக்ஸிடம் ஆர்க் கைதிகளையும் அவர்கள் பிள்ளைகளையும் தர்மவீரன் என்ன செய்யலாம் என்ற பேச்சு வந்தபோது அவர் கர்னல் சிவிங்டனின் வாசகத்தை எடுத்துக்காட்டினார். ஈரை விட்டால் பேனாகும் என்பதுதான் அதன் சாரம். சிவிங்டன் யார்? 1864 நவம்பர் 29 அன்று கொலராடோவில் சாண்ட் கிரீக் என்ற ஓடைக்கரையில் செயென், அரபாஹோ பழங்குடியினரின் முகாமைத் தாக்கியவன். 150 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், பிள்ளைகள், கிழடுகள். ஆக, ஆர்க்குக் குழந்தைக்கான நியாயம் எங்கிருந்து வந்தது என்று நாம் கஷ்டப்பட்டு ஆராய வேண்டியதில்லை. அதைச் செய்தவரே கைகாட்டிவிட்டார்.

இப்போது மாற்றுகிறார்கள். இல்லையென்று சொல்ல மாட்டேன். 2024இல் வந்த புதிய விதிப் புத்தகத்தில் ‘இனம்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘உயிர்வகை’ என்று போட்டிருக்கிறார்கள். ஆட்டக்காரன் தேர்ந்தெடுக்கக்கூடிய பத்து வகைகளில் ஆர்க்கும் ஒருவன். பிறப்பால் கிடைத்த பலம், புத்தி எல்லாம் இனி ‘பின்னணி’யால், அதாவது விவசாயியா, பிரபுவா, கோயில் ஊழியனா என்பதால் கிடைக்கும். பிறப்பு போய் பின்னணி வந்திருக்கிறது. முன்னேற்றம்தான். பின்னணி எதிலிருந்து வருகிறது என்று கேட்பதற்கு விதிப் புத்தகத்தில் பக்கம் இல்லை.

அதே நிறுவனம் 2022இல் செய்த காரியம் ஒன்று. விண்வெளிக் கப்பல் கதைகளுக்கான ஒரு தொகுப்பில் ‘ஹாடோஸி’ என்ற குரங்கு இனம். ஒரு மந்திரவாதி அவர்களைப் பிடித்து, மருந்து கொடுத்து அறிவுள்ளவர்களாக்கி, அடிமைப் படையாக விற்கத் திட்டமிடுகிறான். அவர்களை விடுவிப்பது யார்? மந்திரவாதியின் சிஷ்யப் பிள்ளைகள், மனசிரங்கி! கறுப்பின வாசகர்கள் கொதித்தார்கள். செப்டம்பரில் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு அந்தப் பகுதியை நீக்கியது. குரங்கு என்று எழுதியதில் இருந்த அவமானம் எல்லோருக்கும் தெரிந்தது. எனக்கு அதைவிட உறுத்தியது அந்தச் சிஷ்யப் பிள்ளைகள்தான். அறிவு கொடுத்ததும் எசமான், விடுதலை கொடுத்ததும் எசமான் வீட்டுப் பிள்ளைகள். அடிமைக்கென்று அந்தக் கதையில் பெரிதாக ஒரு வேலையும் இல்லை. நன்றி சொல்வதைத் தவிர.

இதைவிட 1991இல் வந்த ‘டார்க் சன்’ எவ்வளவோ மேல். சூரியன் செத்துக்கொண்டிருக்கும் பாலைவன உலகம். இரும்பு கிடைக்காது, தண்ணீர் கிடைக்காது. ஒவ்வொரு நகரத்தையும் ஒரு சூனிய ராஜா ஆள்கிறான். அங்கும் சாமானியனுக்குப் படிப்பு தடை. ஆட்டக்காரன் அடிமையாகவே ஆட்டத்தைத் தொடங்கலாம். டைர் என்ற நகரத்தின் ராஜா கலக் கொல்லப்படுவதுதான் முதல் கதை. மல்லுக்கட்டும் அடிமை ஒருவன், அடிமைப் பெண் ஒருத்தி, கூடவே ஒரு பிரபு எல்லாம் சேர்ந்து முடிக்கிறார்கள். அப்பாடா என்று மூச்சு விடும்போது அடுத்து சிம்மாசனத்தில் உட்காருவது யார் தெரியுமா? நேற்றுவரை கலக்குக்குத் தலைமை அதிகாரியாக ஊழியம் பார்த்த டிதியன். அடிமைகள் விடுதலை என்று அறிவிப்பவனும் அவனே. இதை எழுதியவர்களுக்கு உலகம் தெரிந்திருக்கிறது. எத்தனை மேனேஜர் மாறினாலும் கவுண்டருக்கு இந்தப் பக்கம் யார், அந்தப் பக்கம் யார் என்பது மாறுவதில்லை என்று பதினோரு வருசமாகப் பார்த்துக்கொண்டிருப்பவன் சொல்கிறேன்.

ஜூலியா பாண்ட் எல்லிங்போ என்ற பெண் 2007இல் வெளியிட்ட ஒரு சிறு ஆட்டம் இருக்கிறது, ‘ஸ்டீல் அவே ஜோர்டான்’.  அமெரிக்க அடிமைகளின் கதை. வேடம் எடுப்பவனுக்கு அதில் பலம், புத்தி என்று பிரித்துப் போடுவதைவிட முக்கியமான எண் ஒன்று: ‘மதிப்பு’. ஒரு மனுசனுக்கு ஒரு எண், அவன் உருட்டும் பகடைகளே அதை வைத்துத்தான். பேரேட்டில் தினமும் எண் எழுதுகிறவனுக்கு அந்தக் கட்டத்தைப் பார்த்ததும் கை கூசியது. கூச வேண்டும் என்றுதான் செய்திருக்கிறாள்.

‘நாயகன் தோற்ற உலகம்’ என்பது வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு ஒரு புதுமை. அட, இப்படியும் யோசிக்கலாமா என்று மயிர்க்கூச்செறிகிறது. நமக்கு என்ன புதுமை? விடிய விடியக் கூத்துப் பார்த்து வளர்ந்தவன் நான். காத்தவராயன் கழுவேறினான். மதுரை வீரனுக்கு மாறுகால் மாறுகை. முத்துப்பட்டன் மாடு திருடர்களோடு மோதிச் செத்தான். ஒருத்தனும் ராஜாவை ஒழித்துவிட்டுத் திரும்பி வரவில்லை. அத்தனை பேரும் தோற்றவர்கள், அத்தனை பேரும் சாமி. பெருந்தெய்வங்கள்தான் ஜெயித்த தெய்வங்கள். சூரனைச் சம்ஹாரம் பண்ணி, வருசா வருசம் அந்தச் சம்ஹாரத்தைத் திரும்பத் திரும்ப நடத்திக் காட்டும். சூரன் பக்கத்தில் நின்று அந்தக் கதையை வாசித்தவர்கள் இந்த மண்ணில் உண்டு, இந்தப் பத்திரிகையை வாசிப்பவர்களுக்கு அதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு விசயத்தில் மட்டும் எனக்கு மனத்தாங்கல். தோற்றவனைச் சாமியாக்கிவிட்டு, அவனை எதற்காகக் கொன்றார்கள் என்பதைப் பாட்டிலேயே மழுப்பிவிட்டார்கள். காத்தவராயன் பிறப்பைத் திருத்தி ஆண்டவன் பிள்ளை என்று ஆக்கினால்தான் கும்பிடுவேன் என்கிற பக்தி, தோல்வியைவிட மோசமான தோல்வி.

டீக்கடைத் தோழருக்கு வருகிறேன். நம்பிக்கையாக எழுது என்கிறீர்கள். மிட்நைட் ஆட்டத்தில் இஸ்ரடோரைக் கொல்வது ஆட்டக்காரர் கைக்கு எட்டுகிற காரியமே இல்லை. அவன் தெய்வம், இவர்கள் பசித்த நாலு பேர். அப்படியும் பையன்கள் ஞாயிறு தோறும் வந்து உட்காருகிறார்கள். எதற்கு? ஒரு கிராமத்தின் விதைநெல்லை வரி கேட்டு வருபவன் கண்ணில் படாமல் பதுக்க. ஒரு கடிதத்தை ஆற்றைத் தாண்டிக் கொண்டு போக. ஒரு பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க. பகடை சரியாக விழுந்து அது நடந்துவிட்டால் அவர்கள் போடுகிற கூச்சலைக் கேட்க வேண்டும், கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிடுகிறார். அசுரனைக் கொல்கிற ஆட்டத்தில் இந்தக் கூச்சலை நான் கேட்டதில்லை. ஜெயிப்போம் என்று முதல் பக்கத்திலேயே தெரிந்த கதையில் விதைநெல்லுக்கு யார் அழுவார்கள்?

ஃபிரெடரிக் டக்ளஸ் பால்டிமோர் தெருவில் வெள்ளைக்கார ஏழைப் பிள்ளைகளுக்கு ரொட்டி கொடுத்துப் படிக்கக் கற்றுக்கொண்டார். எசமானி சொல்லிக்கொடுக்க ஆரம்பித்ததை எசமான் தடுத்துவிட்ட பிறகு நடந்தது இது. அவர் தப்பியது 1838இல், தன் கதையை அச்சிட்டது 1845இல், அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1865இல். ரொட்டி கொடுத்த நாளில் 1865 அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. வயிறு பசித்த பிள்ளையும் கையில் ரொட்டியும்தான் தெரிந்தன. என் கவிதையில் தோற்கிறவன் கையில் அந்த ரொட்டி இருக்கிறதா என்று கேளுங்கள் தோழர். இல்லையென்றால் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். ஏன் தோற்றான் என்று மட்டும் கேட்காதீர்கள்.

போன ஞாயிறு நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். நானும் ஆட்டத்தில் உட்கார்ந்தேன். படகுக்காரக் கணக்கன் வேடம். நான் வேறென்ன எடுப்பேன்? ராத்திரி நேரம், ஆற்றங்கரை, மூட்டைக்கடியில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரைக் கடத்திக்கொண்டு போகிறோம். எதிரிக் காவல் குறுக்கே வந்தது. சண்டை. மூன்று ஆர்க்குகள் செத்தார்கள். நாலாவது ஆர்க், சின்னப் பையன், பன்னிரண்டு பதிமூன்று வயசு என்றான் கதை நடத்திய என் அக்கா மகன், ஆயுதத்தைப் போட்டுவிட்டு மணலில் உட்கார்ந்துவிட்டான்.

“முடிச்சிரலாம். விட்டா போய்ச் சொல்லிருவான்” என்றான் ஒருத்தன். பகடையைக் கையில் எடுத்தும் விட்டான். அவன் சொன்னதில் தப்பில்லை. விட்டால் அவன் போய்ச் சொல்லத்தான் செய்வான். வாத்தியார் சாவார், நாங்களும் சாவோம்.

“இருடா. அவன் பேரு என்ன?” என்றேன்.

அக்கா மகன் தன் காகிதங்களைப் புரட்டினான். கோட்டைத் தலைவனுக்குப் பேர் இருந்தது. அவன் குதிரைக்குப் பேர் இருந்தது. ஆற்றுக்கு ரெண்டு பேர் இருந்தது.

“ஆர்க் நாலுன்னுதான் மாமா போட்டிருக்கேன்.”

“கேளு. அவங்கிட்டயே கேளு.”

“நான்தானே மாமா அவன். நான்தான் சொல்லணும்.”

“அப்ப சொல்லு.”

பையன்கள் எல்லாரும் அவனையே பார்த்தார்கள். பகடை எடுத்தவன் கையிலேயே வைத்திருந்தான். கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, “அடுத்த வாரம் சொல்றேன்” என்று காகிதத்தை மடித்து வைத்துவிட்டான் அக்கா மகன். கீழே அக்கா சாப்பிடக் கூப்பிட்டாள். ஆற்றங்கரை மணலில் அந்தப் பிள்ளை இன்னும் உட்கார்ந்திருக்கிறான், நாங்கள் நாலு பேரும் சுற்றி நிற்கிறோம்.